துண்டை எடுத்தால் எக்கோ

பெர்மாஸ் ஜெயா,
21 ஜூலை 2024

அக்கா,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஆடி முதல் வெள்ளியன்று எங்கள் தாமான் குடியிருப்பு அம்மன் கோயிலில் சமயச் சொற்பொழிவு. மைக் செட் என்னுடையது. முந்நூறு பேர் உட்கார்ந்திருக்க, பின்னால் மிக்சர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நான் அழுதுவிட்டேன். கண் கலங்குவது, தொண்டை அடைப்பது போன்ற மரியாதையான அழுகை இல்லை. மூக்கு ஒழுகுகிற அழுகை. கைக்கு எதுவும் கிடைக்காமல் ஸ்பீக்கரைப் போர்த்தும் துணியால் துடைத்தேன். பக்கத்தில் கீபோர்ட் வாசிக்கும் யுகேந்திரன் பார்த்துவிட்டான். “அலமாக், அண்ணே! அந்தத் துணிய நாளைக்கு பொறந்தநாள் விருந்துக்குப் போடணும் லா!” என்றான்.

இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழில். பேச்சாளர் மோகனதாஸ் எந்த இடத்தில் துண்டை எடுத்து முகம் துடைப்பார், எந்த இடத்தில் நான் எக்கோவைக் கூட்ட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நான் போட்ட எக்கோவில் நானே அழுதேன். சமையல்காரன் தான் ஊற்றிய எண்ணெயில் தானே வழுக்கி விழுந்த மாதிரி.

அவர் சொன்னது ஓர் அண்ணன் தங்கை கதை. பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் தங்கை ஒவ்வொரு தீபாவளிக்கும் அண்ணனுக்கு ஒரு தட்டில் சாப்பாடு எடுத்து வைக்கிறாள். பதினாலாவது வருடம் அண்ணன் வருகிறான். தட்டு இருக்கிறது, தங்கை இல்லை. அப்புறம் அவர், “எல்லாரும் கண்ண மூடுங்க. கூடப் பொறந்தவங்க மொகத்த நெனச்சுப் பாருங்க. கடைசியா எப்பப் பேசினீங்க?” என்றார். நானும் மூடினேன். உன் முகம் வந்தது. கோபமாகத்தான் வந்தது. அதுவும் எனக்குப் போதுமாக இருந்தது.

நாலு வருடமாக என் நம்பரை உன் போனில் நீ மூடி வைத்திருப்பதால் தபால். மூன்றாம் வகுப்புக் கையெழுத்து, பொறுத்துக்கொள்.

சின்னவள் ஷர்மினிக்குச் செப்டம்பர் பதினைந்தில் கல்யாணம் என்று கேள்விப்பட்டேன். மாமன் இடத்தில் நான் வந்து நிற்கட்டுமா? பெரியவள் பிரேமளா கல்யாணத்தில் நிற்காமல் போனது தப்புதான்.

உன் தம்பி,
கமலநாதன்


லாபிஸ்,
27 ஜூலை 2024

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. ஸ்டாம்பைச் சரியான மூலையில் ஒட்டியிருந்தாய். இந்த வீட்டில் எல்லாரும் ஆச்சரியப்பட்டோம்.

நான் கேட்பது ஒன்றுதான். அழுதது நீயா, மோகனதாஸா? நாலு வருடம் பேசாமல் இருந்தவன், ஒருவர் துண்டால் முகம் துடைத்ததும் பேனாவை எடுக்கிறாய். அன்றைக்குக் கரண்ட் போயிருந்தால் எனக்குக் கடிதம் வந்திருக்காது. சரிதானே?

பத்து பாகாட் ஊரில், சட்டைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் நான் பார்த்த வேலை உனக்குத் தெரியும். தைத்து வருகிற சட்டையைத் திருப்பி, உள்பக்கத் தையலைப் பார்த்து, பிரியக்கூடியதை ஒதுக்கி வைப்பது. வெளிப்பக்கம் பளபளவென்று இருப்பதற்கெல்லாம் நான் மயங்குவதில்லை. உன் கடிதம் வெளிப்பக்கம் நன்றாக இருக்கிறது.

போன் நம்பரைத் திறக்கச் சொல்லிக் கேட்காதே. திறந்தால் குரலில் பேசி அனுப்புவாய். உன் குரல் சின்ன வயதிலிருந்தே ஆளைச் சாய்க்கிற குரல். கேட்டால் நான் சரியென்று சொல்லிவிடுவேன், பிறகு ஒரு வாரம் என்னையே திட்டிக்கொள்வேன். காகிதத்தில் எக்கோ கிடையாது. எழுது.

யாரும் கீபோர்ட் வாசிக்காத ஒரு நாளில் உட்கார்ந்து, பிரேமளா கல்யாணத்துக்கு நீ ஏன் வரவில்லை என்று எழுது. மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்துப் பெண்ணை மணவறைக்கு அழைத்து வரவேண்டிய நேரத்தில் அவள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அவள் அப்பா வழியில் ஒன்றுவிட்ட சித்தப்பா செல்வாவைப் பிடித்து நிறுத்தினோம். அப்பாவும் இல்லாத பெண், மாமனும் இல்லை என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஆகஸ்டு இருபத்து மூன்றாம் தேதி கல்யாணக் கார்டு அச்சுக்குப் போகிறது. அதற்குள் உன் பதில் எனக்குச் சரியாகப் படவில்லை என்றால் இந்த முறையும் செல்வாதான் நிற்பார். அவர் தயார். சட்டைகூட வாங்கிவிட்டார்.

யோகேஸ்வரி


பெர்மாஸ் ஜெயா,
1 ஆகஸ்டு 2024

அக்கா,

செல்வா வாங்கிய சட்டை என்ன நிறம்? போன முறை அவர் போட்டிருந்ததைப் படத்தில் பார்த்தேன். மணவறை அலங்காரமும் அவரும் ஒரே மாதிரி இருந்தார்கள். சரி, கோபப்படாதே.

இன்றைக்கு வியாழக்கிழமை காலை. யுகேந்திரன் வரவில்லை. கீபோர்ட் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. நான் உப்புப் போடாத கஞ்சி மாதிரி எழுதுகிறேன்.

அழுதது நானா, அவரா என்று கேட்டாய். அவர் எப்படிச் செய்கிறார் என்று சொல்கிறேன், நீயே முடிவு பண்ணு.

ஆரம்பத்தில் மெதுவாகப் பேசுவார். சத்தத்தைக் கூட்டாதே என்று எனக்கு உத்தரவு. சரியாகக் கேட்காவிட்டால் சனங்கள் முன்னால் சாய்வார்கள், சாய்ந்தவர்களைப் பிடிப்பது சுலபம் என்பார். பிறகு பத்து நிமிடம் மாமியார் மருமகள் சிரிப்புக் கதை. “சிரிச்சவன் வாய் தெறந்திருக்கும் கமலா, நெஞ்சும் தெறந்திருக்கும்” என்பார் என்னிடம். அப்புறம் அந்தத் தட்டுக் கதை. குளுவாங்கில் சொன்னால் அந்தத் தங்கை வீடு குளுவாங் பக்கம். மூவாரில் சொன்னால் மூவார் பக்கம். எங்கே போனாலும் அது அடுத்த தெருவில் நடந்த கதை.

முன்வரிசையில் யாராவது ஓர் அம்மா சேலைத் தலைப்பை எடுத்தால் அவருக்குப் போதும். அந்த அம்மாவை மட்டும் பார்த்துப் பேசுவார். அந்த அம்மாவிடமிருந்து பக்கத்தில் இருப்பவருக்கு, அங்கிருந்து பின்வரிசைக்கு, கொட்டாவி பரவுகிற மாதிரி பரவும். அப்போது தோளில் இருக்கும் துண்டை எடுத்து முகம் துடைப்பார். அதுதான் எங்களுக்குச் சைகை. துண்டு மேலே போனால் யுகேந்திரன் கீபோர்டில் கீழ்க்கட்டையில் மெல்ல வாசிக்க ஆரம்பிப்பான், நான் எக்கோவைக் கூட்டுவேன். ஆனால் கேள்வி கேட்கிற நேரத்தில் எல்லாம் நிற்க வேண்டும். “அப்ப நீங்க வாசிக்காதீங்க. அவங்க மனசு வாசிக்கட்டும்” என்பார்.

கடைசியில் ஒரே ஒரு வேலை கொடுப்பார். ‘என்றைக்காவது போய்ப் பாருங்கள்’ என்று சொல்ல மாட்டார். ‘அடுத்த வெள்ளிக்குள்’ என்பார். நாள் குறிக்காவிட்டால் யாரும் அசைய மாட்டார்களாம். நான் உனக்கு ஞாயிற்றுக்கிழமையே எழுதிவிட்டேன். ஐந்து நாள் மிச்சம்.

கோயில் மட்டும் என்று நினைக்காதே. மாசாயில் பாஸ்டர் அந்தோனிப்பிள்ளைக்கும் நான்தான் மைக். அவருக்குத் துண்டு இல்லை, கைக்குட்டை. மற்றதெல்லாம் அதேதான். எக்கோவுக்கு எந்தச் சாமி என்று தெரியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு மோகனதாஸ் அண்ணனை ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிடாதே. அன்றைக்கு ஒயரைச் சுருட்டும்போது கேட்டேன், “அண்ணே, அந்தத் தட்டுக் கதை நெசமா?” என்று. அவர் துண்டை மடித்துக்கொண்டே, “தட்டு நெசம். தங்கச்சியும் என்னோட தங்கச்சிதான். கிள்ளான்ல நல்லாத்தான் இருக்கா” என்றார்.

“அப்ப செத்துட்டாங்கன்னு சொன்னீங்க?”

“உயிரோட இருக்கான்னு சொன்னா யாரு அழுவா, கமலா?”

“நீங்க போய்ப் பாத்தீங்களா?”

“எங்க நேரம்? இந்த மாசம் தெனம் ஒரு கோயில்.”

அவர் மைக்கைக் கழற்றிக் கொடுத்தேன்... இல்லை, அவரிடமிருந்து வாங்கினேன். அவ்வளவு குழப்பமாக இருந்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன். பிரேமளா கல்யாணக் கார்டில் என் பெயர் இல்லை. தாய்மாமன் பெயர் இல்லாத கார்டை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு வருவது? அதனால் வரவில்லை. இதுதான் காரணம்.

கமலநாதன்


லாபிஸ்,
6 ஆகஸ்டு 2024

தம்பிக்கு,

பிரேமளா கல்யாணக் கார்டை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். உள்பக்கம் இரண்டாவது வரி. ‘தாய்மாமன் திரு. கமலநாதன்’. கண்ணாடி போட்டும் பார்த்தேன், போடாமலும் பார்த்தேன். இருக்கிறது.

நாலு வருடமாக ஊரெல்லாம் நீ சொல்லிக்கொண்டிருந்த அதே காரணத்தைத்தான் எனக்கும் எழுதுகிறாயா? நான் கார்டைக் காட்டி யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. நீயே ஒரு நாள் பார்ப்பாய் என்று விட்டுவிட்டேன்.

சொற்பொழிவை நீ பிரித்துக் காட்டியது நன்றாக இருந்தது. இரண்டு தடவை படித்தேன். ஷர்மினியும் படித்துச் சிரித்தாள். ஆனால் ஒன்றைக் கவனித்தாயா? நீயும் அதையே எனக்குச் செய்திருக்கிறாய். முதலில் செல்வா சட்டையை வைத்துச் சிரிக்க வைத்தாய். பிறகு கிள்ளான் தங்கச்சியைக் கொண்டுவந்து என் நெஞ்சைத் திறந்தாய். எல்லாம் முடிந்து நான் கண்ணைத் துடைக்கிற நேரத்தில் பொய்யை உள்ளே விட்டாய். துண்டு மட்டும்தான் இல்லை.

உள்பக்கத் தையலைக் காட்டு என்றேன். இன்னும் காட்டவில்லை. பதினேழு நாள் இருக்கிறது.

யோகேஸ்வரி

பின்குறிப்பு: சட்டை ஊதா நிறம்.


பெர்மாஸ் ஜெயா,
11 ஆகஸ்டு 2024

அக்கா,

ஊதா. சரி. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

கார்டை நான் திறந்தே பார்க்கவில்லை. உறையோடு மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன். நேற்றுத்தான் உறையைக் கிழித்தேன். இருக்கிறது, இரண்டாவது வரி.

வராததற்குக் காரணம் அதற்கு முன்னாலேயே நடந்தது. பிரேமளா நிச்சயதார்த்தத்தன்று. உனக்கு நினைவிருக்கும், மாப்பிள்ளையின் அப்பா பரமேஸ்வரன் ஐயா, அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சிலோன் தமிழ் பேசுகிறவர். என்னைப் பார்த்து, “தம்பி என்ன வேலை செய்யிறியள்?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ, “தம்பி சிங்கப்பூர்ல சவுண்ட் எஞ்சினியரா இருக்காரு” என்றாய். வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான் என்னை ‘இருக்காரு’ என்றாய்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எஞ்சினியர் மாதிரி காலை மடித்து உட்கார்ந்தேன். அந்த மனிதர் உடனே காது மெஷினைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, “இது ரெண்டு கிழமையா கீச்சிடுது, ஒருக்கால் பாருங்கோ” என்றார். எனக்கு ஸ்பீக்கர் தெரியும். ஆள் உயரம் இருக்கும், உள்ளே கையை விடலாம். இது அவரைக்காய் அளவு. திறந்துவிட்டேன். மூடத் தெரியவில்லை. ஒன்றாக வாங்கியதை நாலாகத் திருப்பிக் கொடுத்தேன். அன்றைக்கு முழுதும் அந்த மனிதர் எல்லார் வாயையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

இதுவரை சிரிக்கலாம். இதற்கு மேல் சிரிப்பு இல்லை.

அவர்கள் போன பிறகு நான் வெளியே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சமையலறையில் நீ பிரேமளாவிடம், “கல்யாணத்தன்னிக்கி மாமாவ யாருகிட்டயும் பேச விடாத. ஒரு ஓரமா ஒக்கார வெச்சிடு” என்றாய். மெதுவாகத்தான் சொன்னாய். ஆனால் எனக்குச் சோறு போடுவது இந்தக் காது. ஒரு மண்டபம் முழுக்கச் சத்தம் இருந்தாலும் எந்த ஒயர் கரகரக்கிறது என்று கண்டுபிடிக்கிற காது. கேட்டுவிட்டது.

ஓர் ஓரமாக உட்காரத்தான் ஆள் வேண்டும் என்றால், அதற்கு நான் எதற்கு என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். இதை வெளியே சொன்னால் உனக்கு அசிங்கம், எனக்கும் அசிங்கம். அதனால் கார்டைக் காரணமாக்கினேன். கார்டுக்கு வாய் இல்லை.

ஆனால் பிரேமளா என்ன தப்புச் செய்தாள்? அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றதை இப்போது நீ எழுதித்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்திருந்தால் ஓரமாக உட்காரவாவது வந்திருப்பேன்.

உள்பக்கத் தையல் இவ்வளவுதான்.

கமலநாதன்


லாபிஸ்,
21 ஆகஸ்டு 2024

தம்பிக்கு,

உன் கடிதம் பதினாலாம் தேதியே வந்தது. உடனே எழுதவில்லை. காரணம் சொல்கிறேன்.

ஆடிக் கடைசி வெள்ளி, உங்கள் மோகனதாஸ் எங்கள் கோயிலுக்கு வந்தார். மைக் செட் வேறு யாரோ. பக்கத்து வீட்டுக் காளியம்மாவோடு போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். உன் கடிதம் கைப்பைக்குள் இருந்தது. பரீட்சைக்குப் போகிற மாதிரி போனேன். மெதுவாகப் பேசினார். நான் சாயவில்லை. மாமியார் கதை சொன்னார். சிரித்தேன், ஆனால் வாயை மூடிக்கொண்டு. தங்கச்சி வீடு லாபிஸ் ரயில்வே கேட்டுப் பக்கமாம். காளியம்மா என் கையைப் பிடித்து, “ஐயோ, நம்ம ஊருதான் அக்கா! யாரு வீட்டுல?” என்றாள். துண்டை எடுத்தார். எக்கோ வந்தது.

தம்பி, எல்லாம் தெரிந்தும் நான் அழுதேன். வெங்காயம் என்று தெரிந்தால் கண் எரியாமலா இருக்கிறது?

காளியம்மா கார் நிறுத்துமிடத்திலேயே போனை எடுத்து, கோபித்துக்கொண்டு போன மருமகளைக் கூப்பிட்டு, “நீ என் பொண்ணு மாதிரி, வந்துரும்மா” என்று அழுதாள். ஞாயிற்றுக்கிழமை மருமகள் வந்தாள். மத்தியானம் மீன் குழம்பில் புளி அதிகம் என்று ஆரம்பித்து, மூன்று மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். அந்த அழுகை கார் நிறுத்துமிடம் வரைக்குந்தான் தாங்கியது.

அதைப் பார்த்துவிட்டு, அழுத வேகத்தில் எதையும் முடிவு செய்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். நேற்று செவ்வாய்க்கிழமை காலை. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். ரேடியோகூட இல்லை. அப்போதும் நீதான் மாமனாக நிற்க வேண்டும் என்ற அதே முடிவுதான் இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு உன் காதில் விழுந்தது உண்மை. நான் அப்படிச் சொன்னேன். தனி மனுஷியாக இரண்டு பெண்களைக் கரையேற்றுகிற பயத்தில் சொன்னேன் என்று எழுதினேன், பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். அது துண்டால் முகம் துடைக்கிற வேலை. அன்றைக்கு என்னை யாரும் தூண்டவில்லை, பின்னால் யாரும் வாசிக்கவில்லை. அது என் சொந்தப் பேச்சு. இதையும் யாரும் தூண்டாமல்தான் எழுதுகிறேன்: அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உன்னை எஞ்சினியர் என்றும் சொல்லியிருக்கக் கூடாது.

அச்சுக்குப் போகும் கார்டின் மாதிரியை இதோடு வைத்திருக்கிறேன். முதல் வரியைப் பார். ‘தாய்மாமன் திரு. கமலநாதன், ஒலிபெருக்கி அமைப்பாளர், பெர்மாஸ் ஜெயா.’ அச்சகத்தில், “மாமனுக்கெல்லாம் தொழில் போடுறதில்லையே மா” என்றார்கள். இந்த மாமனுக்குப் போடுங்கள் என்றேன்.

முதல் நாளே வந்துவிடு. பட்டு வேட்டி கட்ட வேண்டும். ஒட்டிக்கொள்கிற பட்டை வைத்த வேட்டி வேண்டாம், நிஜ வேட்டி. பரமேஸ்வரன் ஐயாவும் வருகிறார், புது மெஷின் போட்டிருக்கிறார், அதைத் தொடாதே. ஷர்மினியை மணவறைக்கு அழைத்து வந்த பிறகு, மைக்கில் நாலு வார்த்தை வரவேற்றும் நீதான் பேச வேண்டும். எல்லாரிடமும் பேச வேண்டும்.

நம்பரைத் திறந்துவிட்டேன். செல்வாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் சட்டையைத் தீபாவளிக்கு வைத்துக்கொள்வாராம்.

அக்கா


பெர்மாஸ் ஜெயா,
18 செப்டம்பர் 2024

அக்கா,

வீடு வந்து சேர்ந்தேன். நாலு முறை போன் செய்தேன். நாலு முறையும் நீ சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். அதனால் நடந்ததை எழுத்தில் வைக்கிறேன். நாளைக்கு யாராவது வேறு மாதிரி சொன்னால் இதைக் காட்டு.

ஷர்மினி கையைப் பிடித்து அழைத்து வந்தேன். அவள் கை சில்லென்று இருந்தது. “மாமா, வேகமா போறீங்க” என்றாள். மெதுவாக நடந்தேன். முன்வரிசையில் பிரேமளா எழுந்து நின்று பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் வாசலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன், எழுதினால் துண்டு தேவைப்படும்.

அன்றைக்கு மண்டபத்து மைக் செட்டை யுகேந்திரன் பார்த்துக்கொண்டான். கீபோர்டும் அவன்தான். எனக்குச் சட்டையில் குத்துகிற சின்ன மைக் வைத்திருந்தான். நாலு வார்த்தை பேசினேன். கை தட்டினார்கள். அந்த மைக்கை அணைக்க வேண்டியவன் நான். அணைக்கவில்லை.

பிறகு நீயும் நானும் மணவறையில் பெண்ணுக்குப் பின்னால் நின்றோம். ஐயர் பூவும் அரிசியும் எடுத்து வைப்பதற்காக மந்திரத்தை நிறுத்தினார். நாதஸ்வரமும் நின்றது. அப்போது இடுப்பில் ஓர் அசைவு தெரிந்தது. எனக்கு வியர்த்தது. தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன்.

பின்னால் யுகேந்திரன் துண்டைப் பார்த்தான். ஒன்பது வருடப் பழக்கம். கீழ்க்கட்டையில் மெல்ல ஆரம்பித்தான். எக்கோவை முழுதாகக் கூட்டினான்.

நான் உன் காதோரம் குனிந்து சொன்னது இதுதான்: “அக்கா, வேட்டி கழலுது. யாருக்கும் தெரியாம ஒரு ஊக்கு குடு.”

கடைசி வார்த்தை மூன்று முறை கேட்டது.

மண்டபத்தில் நானூறு பேர் இருந்தார்கள். நாலு பெண்கள் ஊக்கோடு மேடைக்கு வந்தார்கள், அதில் இருவர் மாப்பிள்ளை வீடு. நான் ஒன்றைக் குத்திக்கொண்டு மூன்றைத் திருப்பிக் கொடுத்தேன். பந்தியில் பரமேஸ்வரன் ஐயா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லும் வடிவாகக் கேட்டது என்றார். மெஷினை அவர் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாராம்.

தம்பி